கட்டுமரம் ஆங்கில அச்சேறிய ஆண்டு

மன்னார்த் தீவின் கரையூர்களுள் ஒன்று ஓலைத்தொடுவாய். கடலும் கழியும் தம்முள் தொடும் வாய் என்பது தொடுவாய் என்னுஞ் சொல்லின் அமைப்பே தரும் பொருளாகும். நீர் நீரைத் தொடும் இத்தகைய கரைகளிலேதான் மொழியும் மொழியைத் தொட்டது. முத்துக்கும் சங்குக்கும் விலை பேச வந்த அறபியரும், பின்வந்த போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், ஆங்கிலேயரும் மன்னார்க் கடலின் இரு கரையிலும் சோழமண்டலக் கரையிலும் முதலிற் பேசியது புலவரோடன்று, கடற்றொழிலாளரோடு. ஆதலின் அவர்கள் தம் நாட்டுக்குக் கொண்டுசென்ற தமிழ்ச் சொற்களுட் பல கடற்சொற்களாயின. சங்கும் தோணியும் வள்ளமும் அவ்வாறு சென்றவை. அவற்றுள் உலகெங்கும் பரந்து வழங்குவது கட்டுமரம் ஒன்றே.

இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்த ஆண்டு யாது என்னும் வினாவுக்கு, இக்காலத்து ஆங்கில அகராதிகள் சில 1673 என விடை கூறுகின்றன. அவ்வாண்டைப் பார்த்தெழுதும் கட்டுரைகளும் மலர்களும், 1673 இல் இச்சொல் ஆங்கிலத்தில் அச்சேறியது என்று ஐயமின்றி உரைக்கின்றன. அகராதி கூறிய ஆண்டும், அதனைக் கொண்டு பிறர் கூறும் செய்தியும் ஒன்றல்ல. 1673 ஆம் ஆண்டில் இச்சொல்லைத் தாங்கிய ஆங்கில நூல் எதுவும் அச்சிலிருந்து வெளிப்பட்டதாகச் சான்று காட்டப்படவில்லை. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது, அச்சேறிய ஆண்டு உண்மையில் எது, இவ்வேறுபாட்டால் விளைவது யாது என்பன முறையே ஆராயத்தக்கன.

ஒரு சொல்லின் வரலாற்றில் மூன்று காலங்கள் உண்டு. பிறமொழியாளன் ஒருவன் அச்சொல்லைச் செவியாற் கேட்ட காலம் ஒன்று. அதனைக் கடிதத்திலோ நாட்குறிப்பிலோ எழுதிய காலம் மற்றொன்று. அவ்வெழுத்து அச்சகம் புகுந்து பலர் கைக்கு எட்டிய காலம் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே ஆண்டில் அமைவதும் உண்டு. இவற்றினிடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுவதும் உண்டு. மூன்றில் எதனைக் குறிக்கின்றோம் என்று கூறாமல் ஆண்டை மட்டும் எழுதுவது, நிறுத்தவன் படிக்கல்லைக் காட்டாமல் நிறையை மட்டும் கூறுவது போலாகும்.

இவ்விடைவெளி எவ்வாறு கூடியும் குறைந்தும் நிற்கும் என்பதற்கு மன்னார்க் கரையே ஓர் அளவுகோல் தருகின்றது. கண்டி மன்னனின் சிறையில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் இருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679 ஒக்டோபரில் காட்டு வழியாகத் தப்பி, மன்னாரை அடுத்த அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னாருக்கும் பின்னர் கொழும்புக்கும் சென்று, 1680 இல் இலண்டன் மீண்டார். அவர் எழுதிய இலங்கை வரலாறு அடுத்த ஆண்டே, 1681 இல், அச்சாயிற்று. புத்தர் பெயர் ஆங்கில நூலில் வழங்கியதற்கு மிகப் பழைய சான்றாக ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி காட்டுவது அந்நூலையே. அரிப்பில் வந்து நின்றவரின் சொற்கள் இரண்டாண்டுகளுக்குள் அச்சிற் கிடந்தன. எழுத்துக்கும் அச்சுக்கும் இடைவெளி இல்லாத பேறு அது. எல்லார்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

கட்டுமரத்துக்குரிய சான்றுகளை முதலில் ஒருங்கு தொகுத்தவர் ஹென்றி யூல், ஆதர் பேணல் என்னும் இருவர். அவர்கள் தொகுத்து 1886 இல் வெளியான 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் சொற்கோவை, இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துட் கலந்த சொற்களை மேற்கோள்களோடு தருவது. 1903 இல் வில்லியம் குறூக் என்பார் அதனைத் திருத்தி மறுபதிப்புச் செய்தார். பேணல் சென்னை மாகாணத்தில் நீதித்துறையில் இருந்தவர். தமிழும் தென்னாட்டுக் கல்வெட்டெழுத்தும் நன்கறிந்தவர். கட்டு, மரம் என்னும் இரு தமிழ்ச் சொற்களின் சேர்க்கையே இச்சொல் என்று அந்நூல் ஐயமறக் கூறிற்று. இதில் எவர்க்கும் மாறுபாடில்லை.

அச்சொற்கோவையில் மேற்கோள்கள் ஆண்டு முறையில் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் ஒவ்வொரு மேற்கோளின் தலையிலும் நிற்கும் ஆண்டு, பெரும்பாலும் ஆசிரியர் அக்காட்சியைக் கண்ட ஆண்டேயன்றி நூல் வெளியான ஆண்டன்று. கட்டுமரத்தின் கீழ் 1583 என்று குறிக்கப்பட்ட இத்தாலிய நூல் அச்சானது 1590 இல். 1673 என்று குறிக்கப்பட்ட ஆங்கில நூல் அச்சானது 1698 இல். யூலுக்கு இம்முறை தவறன்று. கீழ்நாட்டு வழக்கம் ஒன்று எக்காலத்தில் இருந்தது என்பதைக் காட்டுவது அவர் நோக்கம். அந்த ஆண்டை எடுத்து வேறொரு வினாவுக்கு விடையாக வைத்தவர்களிடமே பிழை தங்குகின்றது.

இனிச் சான்றாளர் நால்வரையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

முதல்வர் கஸ்பாரோ பல்பி. வெனிஸ் நகரத்து இரத்தின வணிகராகிய இவர் பெகு நாட்டுக்குச் செல்லும் வழியில் 1583 இல் சென்னையை அடுத்த சாந்தோமில் தங்கினார். அவருடைய பயண நூல் 1590 இல் வெனிசில் அச்சாயிற்று. ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டுவதையும், அவற்றுள் ஐந்து அடித்தளமாவதையும், நடுவே நின்ற நீண்ட மரம் முன்னோக்கி அலையைப் பிளப்பதையும், நீரினுள் அமிழ்ந்த பின்மரத்தில் ஒருவன் அமர்ந்திருப்பதையும் எண்ணிக்கை பிசகாமல் அவர் எழுதினார். 'கதமெரோனி' என அப்படகுகளின் பெயரையும் தந்தார். ஐரோப்பிய அச்சில் கட்டுமரத்தின் பெயரைக் காட்டும் சான்றுகளுள் இது முற்பட்டது. மாணிக்கத்தின் பட்டைகளை எண்ணிப் பழகிய கண், மரங்களையும் எண்ணியது போலும்.

இரண்டாமவர் ஜோன் பிறையர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672 இறுதியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட இவர், 1673 இல் சோழமண்டலக் கரையை அடைந்தார். கரையோரமாகக் கப்பல் செல்லும்போது கட்டுமரங்கள் சில அதனைப் பின்தொடர்ந்தன என்றும், அவை பிணைத்த மரங்கள் என்றும், நடுவே பாயும் செலுத்தத் துடுப்பும் உடையன என்றும், சரக்கெல்லாம் அவற்றில் ஏற்றிச் செல்லப்படும் என்றும் எழுதினார். எட்டுக் கடிதங்களாக அமைந்த அவர் நூலின் தலைப்பே, பயணம் 1672 இல் தொடங்கி 1681 இல் முடிந்தது என்று கூறும். ஆயினும் இலண்டனில் அந்நூல் அச்சானது 1698 இலேதான். கண்ட ஆண்டுக்கும் அச்சேறிய ஆண்டுக்கும் இடையே 25 ஆண்டுகள் கழிந்தன. அகராதிகளில் உலவும் 1673 இந்நூலிலிருந்தே பெறப்பட்டது.

மூன்றாமவர் தோமஸ் பௌறி. 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளில் வணிகஞ் செய்த மாலுமி. தம் குறிப்பில் கட்டுமரத்தின் பெயரையும் அமைப்பையும் எழுதிவைத்தார். பெரிய மரங்கள் நான்கு, ஐந்து, ஆறு சேர்த்துக் கட்டி மிகுந்த பாரம் ஏற்றுவதை அவர் அறிந்திருந்தார். காலத்தால் பிறையருக்கு இவர் இளையரல்லர், ஒத்தவர் எனலாம். ஆனால் அவருடைய கையெழுத்து நூலை றிச்சட் கார்னக் தெம்பிள் பதிப்பிக்க, ஹக்லூயிற் சங்கம் வெளியிட்டது 1905 ஆம் ஆண்டில். எழுதிய கைக்கும் படித்த கண்ணுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இவ்வெழுத்தால் ஆங்கில மக்கள் எவரும் அக்காலத்திற் கட்டுமரம் என்னுஞ் சொல்லைக் கற்றிருக்க முடியாது.

நான்காமவர் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையரோடு உலகைச் சுற்றியவர்; கூர்ந்து நோக்கி எழுதியவர். 1690 அளவில் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அவருடைய உலகப் பயண நூல் 1697 இல் இலண்டனில் வெளியாகி, விரைவில் மறுபதிப்புகளும் கண்டது. அந்நூலில் கட்டுமரம் இடம்பெறும் இடம் வியப்புக்குரியது. சோழமண்டலக் கரையைப் பற்றிய பகுதியிலன்று. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையைப் பற்றிய பகுதியில் அது வருகின்றது. பெரு நாட்டார் மரங்களைப் பிணைத்துச் செய்யும் மிதவைகளை விரித்துரைக்கும் டாம்பியர், அவற்றோடு ஒப்பிடுதற்பொருட்டுச் சோழமண்டலத்தாரின் மிதவையை நினைவுகூர்ந்து, அந்நாட்டார் அதற்கு இட்ட பெயர் இது என்று சொல்லிச் செல்கின்றார். ஒன்றிரண்டு மரங்களே கொண்டு, பாயும் சுக்கானும் இன்றி, ஒருவன் மட்டும் கால் நனைய அமர்ந்து துடுப்பால் செலுத்தும் சிறு மரத்தையே அவர் குறிக்கின்றார். தொலைவிலிருந்து காண்பார்க்கு மீனின் முதுகில் மனிதன் ஏறிச் செல்வது போலத் தோன்றும் என்பது அவர் தந்த உவமை.

இந்நால்வர் கூற்றையும் ஒப்பிட, முடிவு தெளிவாகின்றது. ஐரோப்பிய அச்சில் இச்சொல்லுக்குக் காட்டப்பட்டுள்ள சான்றுகளுள் முற்பட்டது 1590 இல் வெளியான பல்பியின் நூல். ஆங்கிலேயர் எழுத்தில் 1670களில் பிறையரும் பௌறியும் சான்று. ஆங்கில அச்சில் இவற்றுள் முற்பட்டது 1697 இல் வெளியான டாம்பியரின் நூல். ஓராண்டு பின்தங்கியது பிறையரின் நூல். ஆகவே 1673 என்பது ஆங்கிலேயர் ஒருவர் கட்டுமரத்தைக் கண்ட ஆண்டாகக் கொள்ளத்தக்கது. அச்சேறிய ஆண்டாகக் கொள்ளத்தக்கதன்று.

இங்கு ஒரு தடை எழலாம். 24 ஆண்டு வேறுபாட்டால் ஆவதென்ன? சொல் பழையது என்பதன்றோ வேண்டுவது? எழுதிய ஆண்டையே கொண்டால் இழுக்கென்ன? இத்தடையில் ஒரு பாதி உண்மை உண்டு. சொல்லின் பழமையே வினாவாயின், அச்சைவிட எழுத்தும், எழுத்தைவிடப் பேச்சும் முற்பட்டவை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. புனித ஜோர்ஜ் கோட்டைக்கு 1639 இல் நிலம் பெறப்பட்டது. துறைமுகம் இல்லாத அக்கரையில், அலை கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓலை கொண்டுசெல்லக் கட்டுமரம் பயன்பட்டது. ஆகவே பிறையர் வருவதற்கு முன் முப்பது ஆண்டுகளாகவேனும் கம்பனிப் பணியாளர் வாயில் இச்சொல் வழங்கியிருத்தல் இயல்பு. ஆனால் இவ்வாறு எண்ணுவோர் 1673 இலும் நிற்க முடியாது. அதனினும் முன்னே செல்ல வேண்டும். பேச்சையே அளவாகக் கொள்வோர்க்கு 1673 மிகப் பிந்தியது. அச்சையே அளவாகக் கொள்வோர்க்கு அது மிக முந்தியது. இரு வினாவுக்கும் பொருந்தாத விடை அது.

வேறுபாட்டின் பயன் மற்றொன்றும் உண்டு. அச்சே ஒரு சொல்லை அதனைக் கேளாதார்க்குக் கற்பிக்கின்றது. கடற்கரை காணாத இலண்டன் வாசகர் கட்டுமரத்தை அறிந்தது டாம்பியரின் நூலாலேயாம். அவர்கள் முதலிற் கற்றதும் பெரு நாட்டு மிதவையோடு ஒப்புடைய ஒரு பொருளின் பெயராகவே. ஒரு தமிழ்ப் படகின் பெயர், தன் கரையை விட்டுப் பிரிந்து, எங்குள்ள மிதவைக்கும் பொதுப்பெயர் ஆவதற்கு வித்து அங்கேயே இடப்பட்டது எனலாம். 1673 என்று மயங்கிக் கொள்வார்க்கு இந்நுட்பம் புலப்படாது.

இச்சொல்லின் எழுத்துருவங்களும் ஆராயத்தக்கன. பல்பி 'கதமெரோனி' என்றார். அதன் ஈற்று இகரம் இத்தாலியப் பன்மை உருபு. 1700 அளவில் யேசுசபைக் குருமார் எழுதிய பிரெஞ்சுக் கடிதம் ஒன்றில் 'கத்திமரோன்' என்பது உருவம். ஆங்கிலேயர் 'கட்டமரான்' என்றனர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தெழுதியவராகத் தோன்றவில்லை. தத்தம் செவி வழியே எழுதினர். கட்டு என்பதன் ஈற்றிலுள்ள உகரத்தை மூவரும் உகரமாகக் கேட்கவில்லை. இருவர் அகரமாகவும் ஒருவர் இகரமாகவும் எழுதினர். அது குற்றியலுகரம், அரை மாத்திரை அளவே ஒலிப்பது. பழக்கமில்லாச் செவிக்கு அஃது எவ்வுயிர் என்று தெளிவாகாது. தொல்காப்பியர் வகுத்த நுட்பத்தை, அவரை அறியாத அந்நியரின் எழுத்துப் பிழைகள் உறுதிப்படுத்துகின்றன.

ஈற்றெழுத்தும் அவ்வாறே. மரம் என்பதன் ஈற்று மகரம் பேச்சு வழக்கில் இதழ் மூடி ஒலியாது, முன்னுள்ள உயிரோடு மூக்கொலியாய்க் கரையும். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் 'ரோன்' என்றெழுதியது அதனையே. நானூறு ஆண்டுகளுக்கு முன் சாந்தோம்க் கடற்றொழிலாளரும் இக்காலத்துப் பேச்சை ஒத்தே அச்சொல்லை உச்சரித்தனர் என்பது இதனாற் பெறப்படும். ஏட்டுத் தமிழ் காட்டாத செய்தி இது. முதல் அச்சைத் தேடுவதன் உண்மைப் பயன் ஆண்டைக் கண்டு பெருமை கொள்வதிலும், இத்தகைய செய்திகளைப் பெறுவதிலேயே மிகுதியும் உள்ளது.

இனிப் பொருள் திரிந்த வகை. 1804 ஒக்டோபரில், பூலோன் துறையில் நின்ற நெப்போலியனின் படகுகளை அழிக்க ஆங்கிலேயர் விட்ட வெடிப்பெட்டிகளுக்கும் இப்பெயரே வழங்கிற்று. அமெரிக்கரான றொபேட் புல்ற்றன் அமைத்த அவை, வெடிமருந்து நிறைத்து மணிக்கூட்டுப் பொறி வைத்து மிதக்கவிட்ட பெட்டிகள். 1830களில் காப்டன் மரியாட் எழுதிய கடற்கதையில் இச்சொல் சண்டைக்காரக் கிழவியைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. 1876 இல் நதானியேல் ஹெறெஸ்ஹொவ் என்னும் அமெரிக்கர் இரட்டை உடலுடைய பாய்க்கலம் ஒன்றைக் கட்டி, நியூயோர்க் ஓட்டப் பந்தயத்தில் மற்றக் கலங்களை வென்றார். அவ்வகைக் கலத்துக்கு இப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஆங்கிலத்தில் இச்சொல்லைக் கேட்போர் மனத்தில் தோன்றுவது இணைத்த இரு உடல்களையுடைய விரைவுக் கலமேயாம்.

ஈண்டு எச்சரிக்கை வேண்டும். இரட்டை உடற்கலம் தமிழர் கண்டுபிடிப்பு என்றும், அதற்குப் பெயரே சான்று என்றும் எழுதுவோர் பலர். பெயர் தமிழ், வடிவம் தமிழன்று. பசிபிக் தீவினர் நெடுங்காலமாக இரட்டைத் தோணிகளில் கடல் கடந்தவர். இங்கிலாந்தின் வில்லியம் பெற்றி 1662 இல் டப்ளினில் இரட்டை உடற்கலம் ஒன்றைக் கட்டினார். அதனை எவரும் கட்டமரான் என்று அழைக்கவில்லை. அச்சொல் ஆங்கில அச்சேறுதற்கு முன்னரே அவ்வடிவம் அந்நாட்டில் இருந்தது என்பதும், சொல்லும் வடிவும் வெவ்வேறு வழியால் வந்து பின்னர் ஒன்றன்மேல் ஒன்று ஏறின என்பதும் இதனால் விளங்கும்.

இதனினும் பெருந்தவறு மற்றொன்று. ஐந்தாம் நூற்றாண்டிலேயே சோழர் கட்டுமரங்களிற் படையேற்றிக் கடல் கடந்து நாடுகளை வென்றனர் என்னுங் கூற்று, ஆங்கில நூல்களிலும் அவற்றைத் தழுவிய தமிழ்க் கட்டுரைகளிலும் காணப்படுகின்றது. விசயாலயன் தஞ்சையைக் கைக்கொண்டு பிற்காலச் சோழராட்சியை நிறுவியது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில். இராசேந்திரன் கடாரத்தின்மேற் படை செலுத்தியது 1025 அளவில். அவன் மெய்க்கீர்த்தி கூறுவது கலம் என்னும் சொல்லையே. கலம் வேறு, கட்டுமரம் வேறு. நீர் மேலும் கீழும் பாய்ந்தோடும் பிணைமரத்தில் யானையும் குதிரையும் நெல்லும் ஏற்றிச் செல்லுதல் இயலாது. சான்றில்லாப் பெருமை, சான்றுள்ள பெருமையையும் ஐயத்துக்கு இடமாக்கும். பல்பி 1590 இல் அச்சிட்ட ஒரு பெயரே தமிழ்க் கடற்றொழிலாளரின் திறத்துக்குப் போதிய சான்றாகும்போது, ஐந்தாம் நூற்றாண்டுக் கற்பனை எதற்கு?

தமிழ் மனையகத்தையும் நோக்க வேண்டும். சங்க நூல்களில் அம்பி, திமில், புணை, பஃறி, நாவாய், வங்கம், கலம் எனக் கடற்கலப் பெயர்கள் பல. அவற்றுள் புணை என்பது பிணைத்தலைக் குறிக்கும் அடியாற் பிறந்தது. மரங்களைக் கட்டி மிதக்கும் தொழில் பழையது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் புணை என்னும் சொல்லின் பழமையைக் கட்டுமரம் என்னும் சொல்லுக்கு ஏற்றுதல் முறையன்று. தொழிலின் வயது வேறு. பெயரின் வயது வேறு. ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கான தொண்டர் சீட்டுகளில் மேற்கோள் எழுதி அனுப்ப, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக ஒக்ஸ்போட் அகராதி வெளிவந்தது. சொல்தோறும் ஆண்டுடன் மேற்கோள் காட்டும் அத்தகைய பெருந்திரட்டு தமிழுக்கு வாய்க்கவில்லை. 1842 இல் மானிப்பாயில் அச்சான அகராதியும், யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்றிரட்டைக் கொண்டு 1862 இல் முற்றுப்பெற்ற வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் பொருள் காட்டுவன. பேரகராதி இலக்கிய மேற்கோளும் தருவது. ஆனால் கடற்கரைச் சொல்லுக்கு இலக்கிய மேற்கோள் அரிது. கட்டுமரத்துக்கு அப்பேரகராதி தரும் ஆங்கிலப் பொருளும், தமிழிலிருந்து சென்று திரிந்த அதே சொல்லாகும். கொடுத்தவன் கடன்சீட்டைக் கொண்டு தன் பொருளை அடையாளங் காணும் நிலை இது.

முதல் என்று கூறப்படும் எதுவும் இதுவரை கண்டவற்றுள் முதல் என்பதே. இதற்கு ஈழத்தறிஞர் ஒருவரின் அனுபவமே சான்று. போர்த்துக்கேயக் குருவான அந்தாம் தெ புறொயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679 இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. 16,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இருநூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் அது தமிழறிஞர் கைக்கு எட்டாதிருந்தது. 1954 இல் சேவியர் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியைக் கண்டு, 1966 இல் கோலாலம்பூரில் உருவொத்த பதிப்பாக வெளியிட்டார். அதற்கு முன் 17 ஆம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழுக்கு முதற்சான்று இது, அது என்று எழுதியோர் எல்லாரும் அப்பதிப்பின் பின் தம் கூற்றை மறுமுறை நோக்க வேண்டியவராயினர். தமிழ் அச்சின் முன்னோடியும், 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவருமான அண்டிறீக்கு அடிகளார், 1560களின் தொடக்கத்தில் மன்னாரில் வாழ்ந்து கடற்றொழிலாளரிடையே தொண்டாற்றியவர். அவர் காலத்துக் கடிதங்களும் போர்த்துக்கேய ஆவணங்களும் மன்னார்க் கரைச் சொற்களுக்காகத் துருவப்படத் தக்கன. அவ்வாறு துருவுவோர் கண்ட ஆண்டு, எழுதிய ஆண்டு, அச்சேறிய ஆண்டு என மூன்றையும் தனித்தனியே பொறித்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. இரட்டை உடலுடைய இயந்திரக் கலத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் கட்டுமரம் என்றே எழுதிவிடுகின்றனர். படிப்போர் கண்முன் பிணைத்த மரங்கள் தோன்றுகின்றன. செய்தி கூறுவதோ நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் அலுமினியக் கலத்தை. தாய்மொழியிலிருந்து சென்ற சொல்லாயினும், திரிந்த பொருளோடு திரும்பி வரும்போது அதனை அயற்சொல்லாகவே மதித்து, இரட்டை உடற்கலம் என்றாற் போன்ற பெயரால் வழங்குதல் தெளிவு தரும். கட்டுமரம் என்னுஞ் சொல் கட்டிய மரத்துக்கே உரியதாக நிற்றல் வேண்டும்.

அவ்வுரிமைக்கு ஒரு காரணம் உண்டு. அப்பெயரில் மரத்தினும் சிறந்து நிற்பது கட்டு. கடலுக்குப் போகுமுன் மரங்கள் கயிற்றாற் கட்டப்படும். மீண்டபின் கட்டவிழ்த்து மணலில் உலரவிடப்படும். உலராத மரம் கனத்து மறுநாள் மிதவாது. நாளுக்கொரு முறை பிறந்து நாளுக்கொரு முறை கலையும் கலம் அது. இலங்கையின் கடற்றொழிற் கணக்கெடுப்புகள் தெப்பம், கட்டுமரம் என்னும் பெயர்களை மரபுவழிப் படகுகளின் வரிசையில் இன்றும் எண்ணுகின்றன. ஆயினும் கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் மன்னார்க் கடலின் இரு கரையிலும் அவற்றின் தொகை சுருங்கிவிட்டது. கட்டும் முறை, முடிச்சின் பெயர், ஒவ்வொரு மரத்துக்கும் உரிய பெயர் ஆகியவற்றை அறிந்தோர் முதியோராகி வருகின்றனர். வெனிஸ் வணிகர் ஒருவர் ஏழு மரங்களையும் எண்ணி எழுதி நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின. ஓலைத்தொடுவாய் முதலிய கரையூர்களில் அச்சொற்கள் ஒலிக்கும் காலத்திலேயே அவற்றைக் கேட்டு, கேட்ட நாளும் இடமும் குறித்து எழுதிவைத்தால், அவற்றின் முதல் அச்சைத் தமிழிலேயே காணலாம். அயல்நாட்டு நூலகங்களில் அதனைத் தேடும் நிலை பின்வருவோர்க்கு நேராது.